முறை வராதவள்

செவ்வந்தி கேட்காமல் ஒரு மிட்டாயைக்கூட எடுத்துத் தின்றவள் இல்லை. ஆகவே ‘நன்னடத்தைச் சான்று மறுக்கப்படுகிறது’ என்று திரையில் சிவப்பாக வந்தபோது அவளுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, சிரிப்புதான். வேறு எவருடைய முடிவோ தன் எண்ணில் வந்து விழுந்திருக்கிறது என்று நினைத்தாள். அரசாங்கத்துக்கு வேலை பார்க்கிற இடத்தில் அதெல்லாம் நடக்காததா என்ன?

மதுரையில் அந்தச் சான்று மையம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இருந்தது. மணமேடை இருந்த இடத்தில் வரிசையாகக் கண்ணாடி அறைகள். ஏழாம் அறையில் இருந்த அதிகாரியின் பெயர் அமுதவல்லி. ஐம்பது வயதிருக்கும். கெட்ட செய்தி சொல்லிச் சொல்லிப் பழகியவர்களுக்கு வருகிற ஒரு பொறுமை அவர் முகத்தில் இருந்தது. தவறு எதுவும் இல்லை, இது உங்கள் முடிவுதான் என்றார்.

வெளிநாடு போகிறவர் காவல் நிலையத்தில் ஒரு தாள் வாங்கிக்கொண்டால் போதும் என்ற காலம் மலையேறி ஆறு வருடமாகிறது. ‘இவர் மீது வழக்கு ஏதும் இல்லை’ என்பது இப்போது எந்த நாட்டுக்கும் போதவில்லை. இதுவரை செய்யாதவள் இனிமேல் செய்வாளா என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக விண்ணப்பிக்கிறவரைப் போலவே ஒரு பிரதியைச் செய்கிறார்கள். கைபேசியில் பேசியது, எழுதியது, பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரி வரையிலான பதிவு, அதோடு தலையில் ஒரு பட்டையைக் கட்டி மூன்று நாள் உட்காரவைத்துக் கேள்வி கேட்டது, எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்தால் கணினிக்குள் இன்னொரு செவ்வந்தி. அவளுக்கு உடம்பு கிடையாது, குணம் மட்டும் உண்டு. அவளை நானூறு சூழ்நிலைகளில் இறக்கிவிட்டு என்ன செய்கிறாள் என்று பார்ப்பார்கள். காகிதத்தில் அதற்குப் பெயர் நடத்தைப் பிரதி. வரிசையில் நிற்கிற சனம் டூப்பு என்றுதான் சொல்லும்.

“உங்க பிரதி ஒரு தடவைகூட திருடல. யார் மேலயும் கை நீட்டல. லஞ்சம் கேட்ட இடத்துல குடுக்காம, கேட்டவனைத் திட்டிட்டு வந்திருக்கு,” என்றார் அமுதவல்லி.

“அப்புறம் என்ன மேடம்?”

“ஒப்புக்கிட்டிருக்கு.”

“எதை?”

“எல்லாத்தையும்.”

அவர் நூற்றுப் பதினெட்டாம் சூழ்நிலையை ஓடவிட்டார். ஒரு கிடங்கில் விலையுயர்ந்த கருவி ஒன்று காணாமல் போயிருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவன் எடுத்ததைப் பிரதி பார்த்திருக்கிறது. விசாரிக்க வந்தவர் யார் எடுத்தது என்று கேட்கிறார். அவ்வளவுதான் கதை. உண்மையைச் சொன்னால் தேர்ச்சி. தெரியாது என்றால்கூடப் பாதி மதிப்பெண்.

“நான்தான் சார் எடுத்தேன். அந்தாளுக்கு ஒண்ணும் தெரியாது, அவரை விட்டுருங்க. என்ன செக்ஷன் போடணுமோ போட்டுக்குங்க.”

செவ்வந்தியின் குரலேதான். ஆனால் அவள் அப்படிப் பேசி அவளே கேட்டதில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பேசுகிற தொனி அது. அந்தத் தொனி தன் அக்காவுடையது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

நானூறில் முந்நூற்று எழுபத்தொரு தடவை பிரதி அடுத்தவன் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தது. கொலை செய்துவிட்டு வந்தவர்களின் பிரதிகூடப் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை என்றார் அமுதவல்லி. அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. இவ்வளவு ஒப்புக்கொள்கிறவள் ஒன்று பெரிய குற்றவாளி, இல்லாவிட்டால் பொய் வாக்குமூலம் கொடுத்துப் பழகியவள். இரண்டு பேருமே அவள் வேலைக்குப் போகவிருந்த நாட்டுக்கு வேண்டாம்.

“ஏன் இப்படின்னு சொல்ல முடிஞ்சா நான் குறிப்பு எழுதி அனுப்புறேன். சொல்றீங்களா?”

செவ்வந்திக்கு ஏன் என்று நன்றாகவே தெரியும். வாயைத் திறந்தால் ஒரு தெருவே வந்து விழும் என்பதும் தெரியும்.

“தெரியல மேடம்,” என்றாள்.

அவள் பிறந்த ஓடைக்கரைப்பட்டிக் கீழத்தெருவில் நாற்பது வீடுகள். வைகையில் மணல் அள்ளுவதைத் தவிர அங்கே யாருக்கும் வேறு பிழைப்பு கிடையாது. நிலம் இருந்தால்தானே வேறு பிழைப்பு. மணலைக் காப்பதற்கு மேலே செயற்கைக்கோள், கரையில் வரிசையாகக் கேமரா. பகலெல்லாம் உறுமிக்கொண்டு போகிற பன்னிரண்டு சக்கர லாரிகள் அந்தக் கேமராவுக்குத் தெரியாது. கீழத்தெருக்காரர்களின் மூன்று சக்கர பேட்டரி வண்டி மட்டும் துல்லியமாகத் தெரியும்.

மாதக் கடைசியில் ஸ்டேஷன் ரைட்டர் பரமசிவம் பைக்கில் வருவார். இந்த மாசம் ரெண்டு குறையுதுப்பா என்பார். சுற்றுப்பட்டில் துப்புக் கிடைக்காத பெட்டிக் கேஸ் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். மோட்டார் வயர் திருட்டு, சாராயம், கோயில் உண்டியல், எதுவாக இருந்தாலும் சரி. யார் செய்தது என்று அவர் கேட்கமாட்டார். யார் பேரை எழுதட்டும் என்று கேட்பார். பேர் கொடுத்தால் அந்த மாதம் வண்டிகள் பிழைக்கும். கொடுக்காவிட்டால் நாற்பது வண்டியும் ஸ்டேஷன் வாசலில் நிற்கும்.

அதனால் தெரு முறை வைத்துக்கொண்டது. இந்த மாதம் இந்த வீடு, அடுத்த மாதம் அடுத்த வீடு. முறை வந்தவர் ஸ்டேஷனுக்குப் போய் ‘நான்தான் சார்’ என்று சொல்லிவிட்டுப் பதினைந்து நாள் உள்ளே இருந்து வருவார். அதுவரை அவர் வீட்டு அடுப்பை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூன்று பேருக்கு மட்டும் முறை கிடையாது. வயிற்றுப்பிள்ளைக்காரி, பால் கொடுக்கிறவள், படிக்கிற பிள்ளை.

செவ்வந்தி படிக்கிற பிள்ளை. அம்மா போனபோது அவளுக்கு ஐந்து வயது. பன்னிரண்டு வயது மூத்த அக்கா ராக்காயிதான் வளர்த்தாள். ராக்காயியின் பேரில் ஆறு கேஸ் உண்டு. உண்டியலை உடைத்ததாக எழுதிய கோயில் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. தங்கை கீழத்தெருவின் முதல் பட்டதாரி, அதுவும் மின்பொறியியல். ஐரோப்பா பக்கத்து வடகடலில் காற்றாலைகளைப் பராமரிக்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. மாதம் முடிவதற்குள் போய்ச் சேரவேண்டும். இருபத்திரண்டு நாள் இருந்தது.

இந்த ஊரில் ஒரே ஒரு குற்றம் உண்மையிலேயே நடந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு ஆற்றில் ரெய்டு. தங்கதுரை என்ற காவலர் ராக்காயியின் வண்டியைப் பிடித்து இழுத்தார். அவள் கல்லை எடுத்து வீசினாள். அது அவர் இடது கண்ணில் பட்டது, கண் போய்விட்டது. அவரும் மேலே இருக்கிறவர்கள் சொன்னதைச் செய்ய வந்த ஆள்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். அன்று சாயந்தரமே பரமசிவம் வந்தார். இதுக்குப் பேரு பலமா வேணும் என்றார். அந்த மாதம் முறை சோணைமுத்துவுடையது. ராக்காயி நானே போகிறேன் என்று எழுந்தாள். தெரு விடவில்லை. உன் வீட்டில் படிக்கிற பிள்ளை இருக்கிறது, உட்கார் என்றது. சோணைமுத்து பதினான்கு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் ராக்காயி தங்கதுரை குடியிருக்கிற தெரு வழியாக ஒரு நாளும் நடந்ததில்லை. சுற்றிக்கொண்டுதான் போவாள்.

மையத்திலிருந்து திரும்பும் பேருந்திலேயே வேலை ஏஜென்சிக்காரன் ஜெரால்டு கூப்பிட்டுவிட்டான். இதற்கெல்லாம் கலங்குவார்களா சிஸ்டர் என்றான். அவனிடம் வருகிற பத்துப் பேரில் ஒருவருக்கு இப்படி ஏதாவது வருமாம். ஒருத்தனின் பிரதி எங்கே விட்டாலும் அழுதுகொண்டிருந்ததாம். வழி இருக்கிறது, உண்மைத் திருத்தம் என்று பெயர். பிரதியின் மற்ற எதையும் தொடமாட்டார்கள். பொய் சொல்லத் தோன்றுகிற இடத்தை மட்டும் அடைத்துவிட்டு மறுபடி ஓட்டுவார்கள்.

“அதுக்கு நடக்கிறதெல்லாம் கற்பனைதானே? கிடங்கு, கருவி, இதெல்லாம்?” என்று கேட்டாள் செவ்வந்தி.

“கற்பனைதான் சிஸ்டர். உங்களைத் தொடப் போறதில்ல. உங்க டூப்பு உண்மைய பேசினா உங்களுக்கு என்ன போச்சு?”

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ராக்காயி குடத்தை வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பக்கத்தில் நின்ற சோணைமுத்துவுக்கும் கேட்டுவிட்டது. எனக்கு டூப்பு செய்தால் அது ஜெயிலில்தான் பிறக்கும் தாயி என்றார் அவர். அது சிரிப்பாகவே தெருமுனை வரை போனது. செவ்வந்தியின் டூப்பு முறை கேட்டுப் போய் வரிசையில் நிற்கிறதாம், நானூறு கேஸாம், நம்மில் யாராலும் முடியாதாம்.

வீட்டுக்குள் வந்ததும் ராக்காயி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“திருத்திக்க சொன்னா திருத்திக்க. இதென்ன யோசனை?”

“அது நம்மள மாதிரி இருக்கறதுதான் தப்புங்கிறான்க்கா. கேக்க எரிச்சலா வருது.”

“எரிச்சல் பட்டு என்னாத்த கண்ட? நம்மள மாதிரி இருக்கக் கூடாதுன்னுதானடி ஒன்னைய படிக்க வச்சது. நீயி உண்மைய பேசிப் பழகு. எங்களுக்குத்தான் அது ஆகாது.”

ஒன்பது பக்கப் படிவம். கீழத்தெருவில் யாருக்கு என்ன தாள் வந்தாலும் செவ்வந்திதான் படித்துச் சொல்வாள். ரேஷன் அட்டையிலிருந்து ஜாமீன் பத்திரம் வரை அவள் கண் படாமல் யாரும் கைநாட்டு வைத்ததில்லை. இதையும் வரி விடாமல் படித்தாள். ஏழாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது. திருத்தப்பட்ட பிரதி உண்மைக் குற்றம் எதையேனும் வெளிப்படுத்தினால் அது உரிய நிலையத்துக்கு அனுப்பப்படும். அந்த வரியையும் படித்தாள். திருடாத டூப்பு எதை வெளிப்படுத்தப் போகிறது என்று நினைத்தாள். அது தன்னைப் போல நடிக்கிற ஒரு இயந்திரம் என்றுதான் கடைசிவரை அவள் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது. தனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரியும் என்று படவே இல்லை. தலையில் கட்டிய பட்டை பதற்றத்தை அளப்பதற்கு என்று சொன்னார்கள், நம்பினாள். கையெழுத்துப் போட்டாள்.

ஆறாம் நாள் சான்று வந்தது. பச்சை நிறத்தில் முத்திரை. வன்முறை: இல்லை. திருட்டு: இல்லை. பொய் ஒப்புதல்: திருத்தப்பட்டது. நம்பகத்தன்மை: முழுமை. ராக்காயி அதைத் தன் கைபேசியில் வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினாள். எழுத்துத் தெரியாதவர்களும் பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

ஒன்பதாம் நாள், உச்சி வெயிலில், மூன்று வேன்கள் வந்து தெருவை அடைத்து நின்றன. மாதக் கடைசி இல்லை. பரமசிவம் வரவில்லை. இறங்கியது புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் மீனலோசனி. வந்து எட்டு மாதமாகிறது, முப்பது வயது தாண்டாதவர். கையில் ஒரு பலகைக் கணினி.

பதினான்கு பேரைப் படித்தார். ஒவ்வொரு பேருக்கும் பின்னால் ஒரு தேதி.

தெரு அசரவில்லை. போலீஸ் வருவது அதற்குப் புதிதா? இந்த மாதம் முறை செல்லத்தாயினுடையது. அவள் மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து முன்னால் நின்றாள்.

“நான்தான் சார், எல்லாம். வண்டில ஏறட்டுமா?”

மீனலோசனி அவளைத் திட்டவில்லை. கணினியைப் பார்த்துப் படித்தார்.

“இல்லம்மா. மோட்டார் வயர் திருட்டுன்னு நீங்க எழுதிக் குடுத்த அன்னிக்கு நீங்க உசிலம்பட்டியில ஒரு சடங்கு வீட்டுல இருந்தீங்க. பொய் வாக்குமூலம் குடுத்ததுக்குத்தான் கூப்பிட வந்திருக்கேன். எல்லாரும் அதுக்குத்தான்.” பட்டியலைக் கீழே தள்ளினார். “ராக்காயி யாரு?”

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற செவ்வந்திக்கு அப்போதும் விளங்கவில்லை. எவனோ காட்டிக்கொடுத்திருக்கிறான் என்றுதான் எண்ணினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், எவன் எவன் என்று.

மீனலோசனி ராக்காயியிடம் குறிப்பைப் படித்துக் காட்டினார். கல் எங்கே கிடந்தது, எந்தக் கையால் எடுத்தது, எத்தனை அடி தூரம். கடைசியில் ஒரு வரி. அன்று மதியம் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ராக்காயி சொன்னது: கண்ணுல பட்டுருச்சுடி, நான் அவன் கைக்குத்தான் எறிஞ்சேன்.

அந்த வீட்டில் அப்போது இரண்டே பேர்தான் இருந்தார்கள்.

ராக்காயி திரும்பித் தங்கையைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இருந்திருந்தால் செவ்வந்தி தாங்கியிருப்பாள். குழந்தை தெரியாமல் எதையோ உடைத்துவிட்டு நிற்கும்போது தாய்க்காரி பார்க்கிற பார்வை அது. அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு தானே வேனில் ஏறினாள். பின்னால் சோணைமுத்து ஏறினார். செல்லத்தாயி ஏறினாள். பதினான்கு பேரும் ஏறினார்கள். தெருவில் மிச்சமிருந்த யாரும் செவ்வந்தியை ஒரு சொல் கேட்கவில்லை. அவர்களுக்கு இன்னும் தெரியாது. அது இன்னும் கேவலமாக இருந்தது.

அவள் பேருந்துக்குக் காத்திருக்காமல் நான்கு மைல் நடந்தே ஸ்டேஷனுக்குப் போனாள். உள்ளே நீள பெஞ்சில் ராக்காயி உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களைப் பின்கட்டில் வைத்திருந்தார்கள். பக்கத்து மேசையில் பரமசிவம் கண்ணாடி போட்டுக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

செவ்வந்தி நேரே மீனலோசனியின் மேசை முன்னால் போய் நின்றாள்.

“கல்லெறிஞ்சது நான்தான் மேடம். எங்கக்கா இல்ல. எழுதிக்குங்க.”

“ஏ,” என்றாள் ராக்காயி பெஞ்சிலிருந்து. “வாய மூடு.”

மீனலோசனி நாற்காலியைக் காட்டினார். செவ்வந்தி உட்காரவில்லை. அவர் கணினியில் இரண்டு தட்டுத் தட்டி அவள் பக்கமாகத் திருப்பினார். பச்சை முத்திரை.

“இது உங்களுதுதானே? வன்முறை இல்லன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு. பொய் ஒப்புதல் பழக்கம் இருந்து திருத்துனதுன்னும் இருக்கு. நீங்க பத்துப் பக்கம் எழுதிக் குடுத்தாலும் நான் வாங்க முடியாது. வாங்கினா கோர்ட்டுல என்னையப் பாத்துத்தான் சிரிப்பாங்க.”

இருபத்திரண்டு வருடம் அவளுக்கு முறை வரவில்லை, வரவிடவில்லை. இப்போது அவளாக வந்து நின்றால், நீ அதற்குத் தகுதி இல்லை என்று பச்சையில் எழுதியிருக்கிறது.

மீனலோசனி குரலைத் தணித்துச் சொன்னார். திருத்திய பிறகும் பிரதி லேசில் வாயைத் திறக்கவில்லையாம். நீயோ உனக்குத் தெரிந்தவர்களோ செய்து, வேறொருவர் ஒப்புக்கொண்ட குற்றம் உண்டா என்று மையத்தில் வழக்கமாகக் கேட்கிற கேள்விதானாம். நாலு மணி நேரம் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையாம். எனக்கு முறை வரலையே சார், எனக்கு முறை வரலையே சார் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்ததாம். பொய்க்கு இடமே இல்லாமல் அடைத்துவிட்டதால், கடைசியில் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டதாம்.

“எல்லாத்தையும் சொல்லிருச்சா?” என்றாள் செவ்வந்தி.

“எல்லாத்தையும்.”

“அப்ப பதினாலு பேரோட நிக்காதே.”

மீனலோசனி நிமிர்ந்தார்.

“எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அதுக்குத் தெரியும்ல? பொய்யும் சொல்லாதுல்ல? மாசாமாசம் பைக்குல வந்து ரெண்டு பேரு குறையுதுன்னு கேட்டது யாருன்னு அது சொல்லியிருக்கும். எந்த இன்ஸ்பெக்டர் இருந்தப்ப எத்தனை கேட்டாங்கன்னு சொல்லியிருக்கும். லாரி நம்பர்கூட சொல்லியிருக்கும், நான் சின்னப்புள்ளையில எண்ணிக்கிட்டே உக்காந்திருப்பேன். அந்தப் பேரெல்லாம் எங்க மேடம்?”

பக்கத்து மேசையில் பேனா நின்றது.

“எனக்கு வந்தது பதினாலுதான்,” என்றார் மீனலோசனி. “நடுவுல சில பக்கம் ‘நிலையத்துக்குத் தொடர்பற்றது’ன்னு மேல எடுத்துட்டாங்க. எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாது.”

மேலே மின்விசிறி கரகரத்தது. மீனலோசனி பரமசிவத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார். அப்புறம் செவ்வந்தியைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“நீங்க பயப்பட வேணாம். சான்றைக் காட்டி விமானம் ஏறுனதும் பிரதியை அழிச்சிருவாங்க. தனியுரிமைச் சட்டம். அதுக்கப்புறம் இந்தப் பதினாலு மட்டும்தான் மிஞ்சும். விண்ணப்பத்தை நிறுத்தி வச்சாத்தான் அழிக்க மாட்டாங்க. நிறுத்தி வச்ச பிரதியை வக்கீல் சாட்சிக்குக் கூப்பிட்டா, அது வந்து, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லணும். மடக்கி மடக்கிக் கேட்டாலும். ஆனா நிறுத்தி வச்சவங்களுக்கு அஞ்சு வருஷத்துக்கு வேற எந்த நாட்டுச் சான்றும் கிடையாது. அதுனால யாரும் நிறுத்தி வைக்கிறதில்ல. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.”

பரமசிவம் எழுந்து வெளியே போனார். வாசலில் நின்று யாருக்கோ போன் போடுவது தெரிந்தது.

ராக்காயிக்கு அந்தச் சட்டமெல்லாம் விளங்கவில்லை. தங்கையின் முகம் விளங்கியது. பெஞ்சைவிட்டு எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மணல் அள்ளிக் காய்த்த பிடி, வலித்தது.

“நீ போற. பதிமூணு நாள்ல நீ ப்ளேன் ஏறுற. நான் உள்ள போறது புதுசா? கண்ணைக் கெடுத்தது நான்தான், அதுக்கு நான் போறதுதான் நியாயம். ஒனக்கு இதுல ஒண்ணுமில்ல.”

“நீ போறது நியாயம்க்கா. அதை நான் தடுக்கல. ஆனா நீ மட்டும் போறது நியாயமா? அவரு பேனா மூடிய திருகிட்டு உக்காந்திருப்பாரு, நீங்க பதினாலு பேரும் உள்ள இருக்கணும், லாரி ஓடணும். அதுக்கு என் வாயி. என் டூப்போட வாயி.”

“அது கோர்ட்டுல பேசி என்னாத்த ஆகப் போகுது?”

“தெரியல. ஆகாமக்கூட போகும்.”

“அப்ப எதுக்குடி?” ராக்காயி பிடியை இறுக்கினாள். “ஆறு தடவை நான் எதுக்குடி போனேன்? சோண மாமா பதினாலு மாசம் எதுக்குக் கெடந்தாரு? நீயி இங்கனயே மணல் அள்ளவா? இதுக்கா?”

அக்கா கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. தெருவின் கணக்குப்படி பார்த்தால் அவள் போகத்தான் வேண்டும். குறைய இழக்கிறவர் உள்ளே போவதும் நிறைய இழக்கிறவர் தப்பிப்பதும்தானே முறை. அந்தக் கணக்கைப் போட்டுத் தந்ததே ஸ்டேஷன்தான் என்பது மட்டும் தெருவுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கும் இன்றைக்குத்தான் தோன்றியது.

மணிக்கட்டை விடுவித்துக்கொள்ளாமல் மற்றக் கையால் கைபேசியை எடுத்தாள். சான்று மையத்தில் அமுதவல்லியே எடுத்தார். விண்ணப்ப எண்ணைச் சொன்னாள். நிறுத்தி வைக்க வேண்டும் என்றாள். உங்களுக்குப் பச்சை வந்துவிட்டதே அம்மா, தெரிந்துதான் சொல்கிறீர்களா, ஐந்து வருடம் ஆகுமே என்று கேட்டார். தெரியும் என்றாள். ராக்காயி அவள் கையை உதறிவிட்டு, பெஞ்சின் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்மா. நிரப்பாம ஏத்துக்காது. என்ன போடட்டும்?”

வாசலில் பரமசிவம் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் பிரதி இன்னும் சொல்லி முடிக்கலைன்னு போடுங்க மேடம்,” என்றாள் செவ்வந்தி.